முகம், விளிம்பு, முனை: திண்ம உருவங்களின் சொற்கள் ஏன் மனத்தில் ஒட்டுவதில்லை?

ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: மாணவர்கள் கனச்சதுரம், உருளை, கூம்பு என்ற பெயர்களையும் முகம், விளிம்பு, உச்சி என்ற சொற்களையும் பிழையில்லாமல் ஒப்பிக்கிறார்கள், கையில் ஒரு பெட்டியைக் கொடுத்தாலோ அதைச் சதுரம் என்கிறார்கள், விளிம்பைக் காட்டு என்றால் முகத்தைத் தடவுகிறார்கள். சொற்களை எந்த வரிசையில் கொடுப்பது, சுவரில் படவிளக்க அட்டை ஒட்டினால் போதுமா, உருளைக்கு எத்தனை முகம் என்று கேட்கும் மாணவனுக்கு என்ன சொல்வது என்று பல கேள்விகளாகப் பிரித்துக் கேட்டிருந்தாலும், அவருடைய உண்மையான கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நினைவில் இருக்கும் சொல் பொருளோடு ஏன் சேரவில்லை என்பதே அது. நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்கு வடிவியல் கற்பித்து வருகிறேன். கீழே சொல்வதெல்லாம் அந்த வயதினரை வைத்துச் சொல்வது. ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்கு இது அப்படியே பொருந்தும் என்று நான் உறுதி கூற மாட்டேன்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது ஒரு வகுப்பு. துணிப்பைக்குள் ஒரு கனச்சதுரத்தை வைத்து, ஒரு மாணவியைக் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, பெயரைச் சொல்லாமல் விவரிக்கச் சொன்னேன். முதுகுப்புறம் உட்கார்ந்திருந்த மாணவன் அவள் சொல்வதைக் கேட்டு வரைய வேண்டும். "இதுக்கு ஆறு பக்கம் இருக்கு, எல்லாம் ஒரே அளவு" என்றாள் அவள். அவன் சற்றும் தயங்காமல் ஓர் ஒழுங்கு அறுகோணத்தை வரைந்து நீட்டினான். வகுப்பு சிரித்தது. ஆனால் இருவர் மேலும் பிழையில்லை. அவள் உணர்ந்ததைச் சொன்னாள், அவன் கேட்டதை வரைந்தான். இடையில் நின்று இருவரையும் ஏமாற்றியது 'பக்கம்' என்ற சொல்.

பேச்சுத் தமிழில் பக்கம் எதற்கும் இடம் கொடுக்கும். பெட்டியின் மேல்பக்கம் என்கிறோம், சுவருக்கு அந்தப் பக்கம் என்கிறோம், புத்தகத்தின் பத்தாம் பக்கம் என்கிறோம். வடிவியலிலோ அது பலகோணத்தின் எல்லையாக அமையும் ஒரு கோட்டுத்துண்டு மட்டுமே. மாணவர் இந்தச் சொல்லைச் சமதள உருவங்களைப் படிக்கும்போதே கற்றுவிட்டதால், திண்ம உருவத்துக்கு வரும்போது தட்டையான பரப்பைக் கண்டாலும் பக்கம் என்பார், இரண்டு பரப்புகள் சேரும் கோட்டைக் கண்டாலும் பக்கம் என்பார். இதைத் தடைசெய்வதில் பயனில்லை. நான் செய்வது, பக்கத்துக்கு அதன் இடத்தைக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டு சொற்களை அதனருகில் நிறுத்துவது. ஆறு சதுர அட்டைகளை மேசைமேல் தனித்தனியாகப் பரப்பி, மொத்தம் எத்தனை பக்கங்கள் என்று கேட்பேன். ஆறு நான்கு இருபத்து நான்கு. பின் அவற்றைக் கனச்சதுரமாக ஒட்டச் சொல்வேன். ஒட்டும்போது ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கோடாகிவிடுவதை அவர்கள் விரலே உணர்கிறது. இரண்டு பக்கங்கள் சேர்ந்து ஒரு விளிம்பு. ஆகவே விளிம்புகள் 12. அதுபோலவே சதுரங்களின் மூலைகள் 24, மும்மூன்றாகச் சேர்ந்து முனைகள் 8. ஒருமுறை இப்படி ஒட்டியவர்கள் பக்கத்தையும் விளிம்பையும் குழப்பிக்கொள்வது வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

அடுத்த தொல்லை 'உச்சி'. பாடநூல்களில் முனை என்றும் உச்சி என்றும் இரண்டு வழக்குகளும் உள்ளன. ஆனால் மலையுச்சி, உச்சந்தலை, உச்சி வெயில் என்று பழகிய காதுக்கு உச்சி என்றால் மேலே இருப்பதுதான். கனச்சதுரத்துக்கு எத்தனை உச்சிகள் என்று கேட்டபோது நான்கு என்று எழுதிய மாணவர்களை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. மேசைமேல் படிந்திருக்கும் நான்கையும் உச்சி என்று எண்ண அவர்கள் மொழியுணர்வு இடங்கொடுக்கவில்லை. அதனால் விளிம்புகள் சந்திக்கும் புள்ளி எதுவாயினும் அதை முனை என்றும், கூம்பிலும் பிரமிடிலும் அடிப்பகுதிக்கு எதிரே தனித்து நிற்கும் அந்த ஒரு புள்ளியை மட்டும் உச்சி என்றும் நான் பிரித்து வழங்குகிறேன். இது என் வகுப்பறை ஏற்பாடு. எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதி இல்லை. உங்கள் பாடநூல் உச்சி என்றே எழுதினால் அந்தச் சொல்லையே வையுங்கள். ஆனால் உருவத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, உருட்டி, சாய்த்து, ஒவ்வொரு நிலையிலும் எண்ணச் சொல்லுங்கள். எப்படி வைத்தாலும் எண்ணிக்கை மாறவில்லை என்று கண்ட பிறகு, மேல் என்ற பொருள் அந்தச் சொல்லிலிருந்து மெல்லக் கழன்றுவிடும்.

மூன்றாவது பொறி 'கன' என்ற முன்னொட்டு. கனமான பெட்டி என்றால் எடை மிகுந்த பெட்டி. ஆகவே கன அளவு என்ற தொடரைக் கேட்கும் மாணவர் எடையை நினைக்கிறார். ஒரே அளவுள்ள மரக்கட்டை ஒன்றையும் இரும்புக்கட்டை ஒன்றையும் காட்டி எதன் கன அளவு அதிகம் என்று கேட்டால், இரும்பு என்று வகுப்பில் பாதிப் பேர் கை தூக்குவார்கள். திண்மம் என்ற சொல்லும் இதற்குக் குறைந்ததில்லை. அறிவியல் பாடத்தில் திண்மம், நீர்மம், வாயு என்று படித்தவருக்கு, உள்ளே ஒன்றுமில்லாத அட்டைப்பெட்டி எப்படித் திண்ம உருவம் ஆகும் என்று தோன்றுவது நியாயமே. வடிவியலில் நாம் பேசுவது பொருளைப் பற்றி இல்லை, அது அடைத்துக்கொள்ளும் இடத்தைப் பற்றி என்பதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் உடையது திண்மம் என்றுதான் பண்டைக் கிரேக்க வடிவியல் அறிஞர் யூக்ளிட் தம் 'மூலங்கள்' நூலின் பதினோராம் பகுதியைத் தொடங்குகிறார். எதனால் ஆனது என்ற பேச்சே அங்கு இல்லை.

இந்த மூன்று எடுத்துக்காட்டுகளும் சொல்வது ஒன்றுதான். ஒரு வேறுபாட்டைக் காட்ட வேண்டிய தேவை மாணவருக்கு வந்த பின்னரே அதற்கான சொல் அவருக்குள் தங்குகிறது. தேவை வருமுன் கொடுத்த சொல், முகவரி எழுதாத கடிதம்போல எங்கும் போய்ச் சேராது. கணித வரலாற்றிலேயே இதற்கு அழகான சான்று இருக்கிறது. தட்டையான முகங்களால் மட்டுமே அடைபட்ட திண்ம உருவங்களான பன்முகிகளைக் கிரேக்கர் காலம் முதல் ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். எல்லா முகங்களும் ஒரே ஒழுங்குப் பலகோணமாக அமையும் ஐந்து ஒழுங்குப் பன்முகிகளையும் யூக்ளிட் பதின்மூன்றாம் நூற்பகுதியில் அமைத்துக் காட்டினார். இருந்தும் முகங்கள், விளிம்புகள், முனைகள் ஆகியவற்றின் எண்ணிக்கைகளை இணைக்கும் தொடர்பை 1750-ஆம் ஆண்டில்தான் கணித அறிஞர் ஆய்லர் தம் நண்பரும் கணித அறிஞருமான கோல்ட்பாகுக்கு எழுதிய கடிதத்தில் வெளிப்படையாகச் சொன்னார். முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளின் எண்ணிக்கையைக் கழித்து முகங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் 2 கிடைக்கும் என்பது அது. அவர் அதைச் சொல்ல வேண்டியிருந்தபோது விளிம்புக்கு எல்லோரும் ஏற்ற ஒரு சொல் இருக்கவில்லை. இரண்டு முகங்கள் தத்தம் பக்கங்களால் ஒட்டிச் சேரும் இடம் என்று விளக்கி, வழங்கும் சொல் இல்லாமையால் கத்தியின் கூர்ப்பகுதியைக் குறிக்கும் இலத்தீன் சொல் ஒன்றை அவரே எடுத்து வைத்தார். அட்டைகளை ஒட்டும் நம் மாணவர் கண்டதும் அதுவேதான்: முகத்துக்குப் பக்கம், திண்மத்துக்கு விளிம்பு. ஆய்லருக்கே தேவை வந்த பிறகுதான் சொல் வந்தது என்றால், பதினொரு வயதுக் குழந்தைக்கு நாம் அவசரப்பட வேண்டியதில்லை.

நடைமுறைக்கு வருகிறேன். முதல் வகுப்பில் நான் எந்தப் பெயரையும் சொல்வதில்லை. பல அளவுகளில் பெட்டிகள், பந்துகள், குழாய்த் துண்டுகள், அட்டையில் செய்த பட்டகங்கள் (இரண்டு எதிர்முகங்களும் ஒன்றேபோல் இருக்கும் தூண் வடிவங்கள்), பிரமிடுகள், கூம்புகள் ஆகியவற்றை ஒரே குவியலாகக் கொட்டி, உங்களுக்குத் தோன்றியபடி இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள், ஏன் அப்படிப் பிரித்தீர்கள் என்று சொல்லுங்கள் என்பேன். ஏறக்குறைய எப்போதும் ஏதாவது ஒரு குழு, உருள்வது உருளாதது என்று பிரிக்கும். அங்கே நிறுத்தி, சாய்ந்த பலகையில் உருட்டிப் பார்க்கச் சொல்வேன். பந்து எந்தத் திசையில் விட்டாலும் உருள்கிறது. உருளை படுக்கவைத்தால் நேராக உருள்கிறது, நிமிர்த்தி வைத்தால் சறுக்குவதோடு சரி. கூம்பைச் சமதரையில் படுக்கவைத்துத் தள்ளினால் நேராகப் போகாமல் தன் உச்சியைச் சுற்றி வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. இதைப் பார்த்த மாணவர்கள் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டே இருப்பார்கள், தடுக்காதீர்கள். வளைபரப்பு, தட்டையான முகம், உச்சி என்ற சொற்களைக் கேட்கும் பசி அவர்களுக்கு வருவது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

பெயர்களைச் சொல்லும்போது சொல்லின் வேரைத் தொட்டுக்காட்டுவது தமிழில் மிக எளிது, ஆனால் நாம் அதைப் பயன்படுத்துவதே இல்லை. உருளை உருள்வது. கூம்புதல் என்றால் குவிதல், ஒடுங்குதல். மாலையில் தாமரை கூம்பியது என்று படித்த பிள்ளைக்கு, அடியில் விரிந்து மேலே ஒடுங்கும் உருவத்துக்கு ஏன் கூம்பு என்று பெயர் என விளக்க வேண்டியதில்லை, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் குவித்துக் காட்டினால் போதும். நான்முகி, எண்முகி, பன்னிருமுகி என்ற பெயர்கள் எண்ணும் முகமும் சேர்ந்தவை. பெயரைக் கேட்டவுடனே பாதி வரையறை கையில் இருக்கிறது. பட்டகம் என்பதைப் பட்டை தீட்டிய கல்லோடு சேர்த்து நினைக்கச் சொல்கிறேன். இலங்கைப் பாடநூல்களில் இதே உருவம் அரியம் என்றும், கனச்சதுரம் சதுரமுகி என்றும், பிரமிடு கூம்பகம் என்றும் வழங்குகின்றன. அரியம் என்ற பெயர் எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடிக்கும்; அதில் அரிதல் ஒலிக்கிறது. அடிக்கு இணையாக எங்கே அரிந்தாலும் ஒரே வெட்டுமுகம் கிடைக்கும் உருவம் அது. ஐரோப்பிய மொழிகள் வழங்கும் சொல்லின் கிரேக்க மூலத்துக்கும் அறுக்கப்பட்டது என்பதே பொருள். கூம்பகம் என்ற பெயர் கூம்போடு உறவைக் காட்டுவதால் பின்னாளில் உதவும், ஏனெனில் இரண்டின் கன அளவும் அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கி மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் வருவது. ஆனால் ஒலி நெருக்கத்தால் தொடக்கத்தில் மாணவர் குழம்புவதும் உண்டு. எந்தப் பெயரை வைத்தாலும் ஒன்றையே வையுங்கள், ஒரே வாரத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

மாதிரி உருவங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எந்த மாதிரியும் ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கிறது. மரக்கட்டையில் முகம் நன்றாகத் தெரியும், விளிம்பு வெறும் மடிப்பாகத் தெரியும். குச்சிகளையும் களிமண் உருண்டைகளையும் கொண்டு செய்த சட்டகத்தில் குச்சியே விளிம்பு, உருண்டையே முனை. எண்ணுவதற்கு இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் அதில் முகம் எங்கே என்று கேட்டால் மாணவர் காற்றைத்தான் காட்ட வேண்டும். ஆகவே இரண்டும் வேண்டும், அதுவும் ஒரே மேசையில் அருகருகே. மூன்றாவதாக, அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்த வடிவம், அதாவது பாடநூல்கள் வலை என்று சொல்வது. கனச்சதுரத்தை ஒரே துண்டாக விரிக்க 12 விளிம்புகளில் சரியாக 7-ஐ வெட்ட வேண்டும், 5 மடிப்பாக எஞ்சும். எந்த ஏழு என்பதைப் பொறுத்து, திருப்பியும் கவிழ்த்தும் ஒன்றாகாத 11 வலைகள் கிடைக்கும். பதினொன்றையும் கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு முழு வகுப்பைச் செலவிட்டால் அது வீணில்லை. இந்த விளிம்பை வெட்டாதே, இந்த முகம் தனியே விழுந்துவிடும் என்று ஒருவருக்கொருவர் கத்தும்போது, நாம் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்ன சொற்களை அவர்கள் தங்கள் வேலைக்காகப் பயன்படுத்துகிறார்கள்.

படவிளக்க அட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். அட்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை முதலில் ஒட்டாதீர்கள். தாளில் வரைந்த கனச்சதுரத்தில் வழக்கமாகக் கண்ணுக்குத் தெரிவது 3 முகங்கள், 9 விளிம்புகள், 7 முனைகள் மட்டுமே. கையில் கட்டையைத் தொடாமல் அட்டையைப் பார்த்து எண்ணிய மாணவர் 9 விளிம்புகள் என்று எழுதினால், அவர் பார்த்ததை நேர்மையாக எழுதியிருக்கிறார். மறைந்த விளிம்புகளைப் புள்ளிக்கோடாகக் காட்டினால் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். புள்ளிக்கோடு மறைவைக் குறிக்கிறது என்பதே தனியாகக் கற்பிக்க வேண்டிய ஒரு மரபு. கட்டையைக் கண்ணெதிரே பிடித்து, எனக்கு எத்தனை தெரிகிறது, எத்தனை மறைந்திருக்கிறது என்று பட்டியலிட்ட பிறகு படத்துக்குப் போனால் அந்த மரபு தானாக விளங்கும். திரையில் சுழற்றிப் பார்க்கும் மென்பொருள்களும் இந்த இடத்தில் உதவுகின்றன; ஆனால் கையால் தொட்டு எண்ணிய பிறகு அவற்றைக் காட்டியபோதுதான் என் மாணவர்களுக்குப் பயன் தெரிந்தது.

அட்டைகளின் இன்னொரு தீமை, அவை எப்போதும் ஒரே தோற்றத்தையே காட்டுவது. பிரமிடு என்றால் சதுரமான அடிப்பகுதி, கூம்பு என்றால் உச்சி மேலே, உருளை என்றால் நிமிர்ந்த உயரமான ஒன்று. முக்கோணப் பட்டகத்தை அதன் செவ்வக முகத்தின்மேல் படுக்கவைத்துவிட்டு அடிப்பகுதி எது என்று கேளுங்கள். பெரும்பாலோர் மேசையைத் தொடும் செவ்வகத்தைக் காட்டுவார்கள். அடி என்ற சொல்லும் உச்சியைப் போலவே அன்றாடப் பொருளைச் சுமந்து வருகிறது. பட்டகத்தின் அடி என்பது கீழே இருப்பது என்ற பொருளில் வரவில்லை. ஒன்றுக்கொன்று இணையாகவும் சர்வசமமாகவும் இருந்து, அந்தப் பட்டகத்துக்குப் பெயர் தரும் இரண்டு முகங்களையே அது குறிக்கிறது. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, எடுத்துக்காட்டுகளையும் எடுத்துக்காட்டு ஆகாதவற்றையும் கலந்து கொடுப்பது மேல். நாணயம் உருளையா? ஆம், உயரம் குறைந்த உருளை. மேலே சற்று விரிந்த குவளை? இல்லை, அது கூம்பின் இடைக்கண்டம், அதாவது நுனி வெட்டப்பட்ட கூம்பு. எரிவாயு சிலிண்டர்? சிலிண்டர் என்று பெயரே இருந்தாலும் அதன் தோள்கள் வளைந்திருப்பதால் கண்டிப்பான பொருளில் இல்லை. கடன்சொல்லால் மட்டும் பழகிய மாணவர்களுக்கு இது ஒரு நல்ல அதிர்ச்சி. ஒரு தாள்? தடிமன் இருக்கிறது, ஆகவே கனச்செவ்வகம்தான். வரையறை, இயல்புகள், எடுத்துக்காட்டு, எடுத்துக்காட்டு ஆகாதது என்று தாளை நான்காகப் பிரித்து எழுதும் முறையை 1969-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டோரதி ஃபிரேயரும் அவருடன் பணியாற்றியவர்களும் முன்வைத்தார்கள். நான்கில் கடைசிக் கட்டத்தை மாணவரே நிரப்பும்படி விட்டுவிடுவது என் வழக்கம். தவறான எடுத்துக்காட்டைத் தேடிக் கண்டுபிடிக்கிறவருக்கே சரியானதன் எல்லை தெரிகிறது.

ஒரே சொல்லை நாமும் மாணவரும் வேறுவேறு உயரங்களில் நின்று பேசுகிறோம் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே-ஹெல்டாஃப் இணையர் 1957-இல் தங்கள் முனைவர் பட்ட ஆய்வுகளில் வடிவியல் சிந்தனையைப் படிநிலைகளாகப் பிரித்தார்கள். முதல் நிலையில் இருப்பவர் உருவத்தை முழுத் தோற்றமாகவே பார்க்கிறார். பெட்டிபோல இருக்கிறது, ஆகவே பெட்டி. அடுத்த நிலையில் இயல்புகளைப் பட்டியலிடுகிறார். அதற்கும் அடுத்ததில்தான் இயல்புகளுக்கிடையே உள்ள உறவைக் காண்கிறார். கனச்சதுரமும் ஒரு கனச்செவ்வகமே, கனச்செவ்வகமும் ஒரு பட்டகமே என்ற வாக்கியம் மூன்றாம் நிலைக்குரியது. முதல் நிலையில் இருப்பவரிடம் அதைச் சொன்னால், மனப்பாடம் செய்துகொள்வார், நம்ப மாட்டார். இந்த நிலைகள் வயதோடு தானாக வருவதில்லை, கற்பித்தலால் வருகின்றன என்பது அவர்கள் வலியுறுத்திய கருத்து. என் அனுபவமும் அதற்கு ஒத்தே இருக்கிறது. நிலைகளுக்கிடையே எல்லைக்கோடு அத்தனை கூர்மையாக இருக்கிறதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஒரே மாணவர் பிரமிடைப் பற்றி ஒரு நிலையிலும் உருளையைப் பற்றி வேறொரு நிலையிலும் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி உருளையின் முகங்கள். இங்கே உறுதியானதையும் உடன்பாட்டுக்கு உட்பட்டதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். உருளைக்கு இரண்டு தட்டையான வட்டப் பரப்புகளும் ஒரு வளைபரப்பும் உள்ளன. கூம்புக்குத் தட்டையானது ஒன்று, வளைந்தது ஒன்று. கோளத்துக்கு வளைபரப்பு ஒன்று மட்டுமே. இவை உறுதியானவை. வளைந்ததையும் முகம் என்று எண்ணுவதா என்பது வரையறையைப் பொறுத்தது. முகம் என்றால் சமதளப் பரப்பு என்று வைத்துக்கொண்டால் உருளைக்கு இரண்டு, எந்தப் பரப்பும் முகம் என்றால் மூன்று. பாடநூல்கள் இதில் ஒன்றுபடவில்லை. கூம்பின் உச்சியை முனை என்று எண்ணலாமா என்பதிலும் அப்படியே. ஒரு மாணவர் ஆய்லரின் சமன்பாட்டை வைத்துச் சோதிக்க முயன்றால் வேடிக்கையான குழப்பம் வரும். கூம்புக்கு முனை 1, விளிம்பு 1, முகம் 2 என்று எடுத்தால் 1 − 1 + 2 = 2 என்று சரியாக வந்துவிடும், அது தற்செயல். உருளைக்கு 0 − 2 + 3 = 1 என்று தவறிவிடும். விளிம்பு என்றால் முனையில் தொடங்கி முனையில் முடியும் கோடு என்பது அந்தச் சமன்பாட்டின் எதிர்பார்ப்பு. முனையே இல்லாத வட்டம் அதில் பொருந்தாது. மேல் வட்டத்திலிருந்து கீழ் வட்டத்துக்கு ஒரு நேர்க்கோடு கிழித்து, அதன் இரு நுனிகளையும் முனைகளாகக் கொண்டால், முனை 2, விளிம்பு 3, முகம் 3. மீண்டும் 2 வந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் ஆர்வமுள்ளவர்களுக்கு இதைக் காட்டலாம். ஆறாம் வகுப்பு மாணவனிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: முகம், விளிம்பு, முனை என்று எண்ணும் கேள்வி பன்முகிகளுக்காக எழுந்த கேள்வி. உருளை வேறு குடும்பம். யூக்ளிட்கூட உருளையை முகங்களை எண்ணி வரையறுக்கவில்லை. ஒரு செவ்வகத்தை அதன் ஒரு பக்கத்தைப் பிடித்துச் சுழற்றினால் கிடைப்பது என்றார், கூம்பைச் செங்கோண முக்கோணத்தின் சுழற்சியாலும், கோளத்தை அரைவட்டத்தின் சுழற்சியாலும் வரையறுத்தார். ஒரு குச்சியில் அட்டையை ஒட்டி உள்ளங்கைகளுக்கிடையே வேகமாகச் சுழற்றிக் காட்டினால், உருளைக்கு எத்தனை முகம் என்ற கேள்வியைவிட நல்ல கேள்விகளை மாணவரே கேட்கத் தொடங்குவார். தேர்வில் மட்டும், உங்கள் பாடநூல் கொண்ட வரையறைப்படி எழுதச் சொல்லிவிடுங்கள். அது ஓர் உடன்பாடு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

வரிசையைக் கேட்டதற்கு என் பதிலில் உறுதியான பகுதி சிறியது. முகத்துக்கு முன் விளிம்பையும், விளிம்புக்கு முன் முனையையும் சொல்ல முடியாது, ஏனெனில் முகங்கள் சேர்ந்தே விளிம்பும், விளிம்புகள் சேர்ந்தே முனையும் வரையறுக்கப்படுகின்றன. மற்றதெல்லாம் வழக்கமும் விருப்பமும். ஒரு வகுப்புக்கு மூன்று புதிய சொற்களுக்கு மேல் நான் கொடுப்பதில்லை. அந்த எண்ணுக்கு என் வசதி தவிர வேறு ஆதாரம் கிடையாது. கியூப், கோன் போன்ற கடன்சொற்களோடு வரும் மாணவரைத் திருத்தாமல், அவர் சொன்னதை ஏற்று அதனருகில் தமிழ்ச்சொல்லை வைக்கிறேன். இரண்டும் தெரிந்தவருக்கு நட்டமில்லை, எது தெரிந்தாலும் விளிம்பைச் சரியாகத் தொட்டுக்காட்டுகிறாரா என்பதையே பார்க்கிறேன். சாயுயரம், பக்கப்பரப்பு, மொத்தப் புறப்பரப்பு போன்ற அளவைச் சொற்களை உருவங்களின் பெயரோடு ஒரே மூச்சில் கொடுக்க வேண்டாம் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். சூத்திரம் நுழைந்தவுடன் மாணவர் உருவத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு எழுத்துகளைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

சொல் உண்மையில் பதிந்ததா என்று அறிய, வரையறு என்று கேட்பதைவிட, எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்து காரணம் சொல்லும்படி கேட்கிறேன். பட்டகத்தின் பக்க முகங்கள் செவ்வகங்கள் என்றால் சில நேரம். சாய்ந்த பட்டகத்தில் அவற்றில் செவ்வகமாக இல்லாத இணைகரங்கள் வரும். பிரமிடின் விளிம்புகள் இரட்டைப்படை எண்ணிக்கையில் இருக்கும் என்றால் எப்போதும், ஏனெனில் அடியில் எத்தனையோ அத்தனை உச்சிக்கும் செல்கின்றன. பட்டகத்தின் விளிம்புகள் மூன்றின் மடங்கு என்பதும் எப்போதும். சரியாக 7 விளிம்புகள் உடைய பன்முகி உண்டு என்றால், ஒருபோதும் இல்லை. நான்முகிக்கு 6, சதுரப் பிரமிடுக்கு 8, இடையில் ஒன்றும் கிடையாது. இந்தக் கடைசிக் கேள்வியைக் குச்சிகளும் களிமண்ணும் கொடுத்துக் கேட்டால் வகுப்பு முடிந்த பின்னும் இரண்டு பேர் ஏழாவது குச்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

விடைத்தாளில் முனைக்குப் பதிலாக மூலை என்று எழுதிய மாணவருக்கு மதிப்பெண் குறைக்கலாமா என்றும் உங்கள் கேள்வியின் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். எட்டு என்று சரியாக எண்ணியிருந்தால் நான் குறைப்பதில்லை. மூலை என்பதைச் சுற்றி வட்டமிட்டு, ஓரத்தில் முனை என்று எழுதி, தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கட்டையை அவர் கையில் கொடுத்து, ஒரு முகத்தின் மூலை எத்தனை, கட்டையின் முனை எத்தனை என்று எண்ணிச் சொல்லச் சொல்வேன். நான்கு என்றும் எட்டு என்றும் வேறுபடுத்திச் சொல்லிவிட்டால் அந்தத் தாளில் திருத்த வேறொன்றும் இல்லை.